நித்திரைப் பட்டை

அம்மாவுக்கு நித்திரை வராமல் போன அந்த இலையுதிர்காலத்தில் எனக்கு எட்டு வயது. டோர்வல் விமான நிலையத்தில் அவருக்குத் துப்புரவு வேலை. கூட வேலை செய்த சீனப் பெண் ஒருவர், ஒரு மரப்பட்டையை அவித்துக் குடித்தால் மனப்பாரம் குறையும், நித்திரையும் வரும் என்று சொல்லியிருந்தார். அதை வாங்க ஒரு சனிக்கிழமை எங்கள் தெருவுக்கு அப்பால் இருந்த சீன மருந்துக் கடைக்கு அம்மா என்னையும் கூட்டிப் போனார். வீட்டில் அந்த ஊர்ப் பாஷையான பிரெஞ்சை ஒழுங்காகப் பேசுகிறவள் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

கடைக்குள் கால் வைத்ததும் அந்தத் தலைக்கனம் இறங்கிவிட்டது. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மேசையில் ஏறியிருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் அவளுடைய தாத்தா. அவருக்கும் பிரெஞ்சு வராது. அவர் சீனத்தில் கேட்பதை அவள் எனக்குப் பிரெஞ்சில் சொன்னாள், நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

ஏன் நித்திரை இல்லை என்று தாத்தா கேட்டார். அம்மா அலுமாரிப் போத்தல்களைப் பார்த்தபடி நின்றார். பிறகு மெதுவாக, "வயித்திலை தங்கேல்லை எண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

எனக்குத் தெரிந்து வயிற்றில் தங்காமல் போவது சாப்பாடு ஒன்றுதான். அம்மா சத்தி எடுக்கிறார் என்று சொன்னேன். அவள் மூக்கைச் சுளித்துச் சிரித்தாள். தாத்தாவுக்கு நாக்கை நீட்டி, ஓங்காளித்து நடித்தே காட்டினாள்.

"ஐயோ, அது இல்லையம்மா" என்ற அம்மா, மேலே சொல்ல முடியாமல், கடை நடுவில் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. திங்கட்கிழமை வகுப்பு முழுக்கச் சிரிக்கப்போகிறது. "அழாதேங்கோ அம்மா, அவள் பாக்கிறாள்" என்று அவருடைய கோட்டைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தேன். தாத்தா வேறொன்றும் கேட்காமல் ஒரு கதிரையை நகர்த்தி அம்மாவை இருத்தினார். பட்டைத் துண்டுகளைக் கடதாசியில் சுற்றித் தந்தார்.

திரும்பி நடக்கும்போது, "நான் அழுதது அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் அம்மா. ஓம் என்றேன். எனக்கு வந்த வெட்கம்தான் அவருக்கும் வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அதன்பிறகு வீட்டில் நனைந்த மரத்தின் மணம். பள்ளிக்கூட உடுப்பில் அது பிடிக்காமலிருக்க என் அறைக் கதவைச் சாத்தியே வைத்தேன். அம்மா சில நாள் கண்ணயர்ந்தார், சில நாள் இல்லை. தங்காமல் போனது எனக்கு அடுத்ததாக வரவேண்டிய பிள்ளை என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

விசயம் தெரியாத பெரியம்மா ஒருநாள் வந்திருந்தபோது என் கன்னத்தைக் கிள்ளி, "உனக்குத் தம்பி வேணுமோ, தங்கச்சி வேணுமோ?" என்று கேட்டார்.

"ஒண்டும் வேண்டாம். நான் மட்டும் போதும்" என்றேன்.

பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா எழுந்து குசினிக்குள் போனார். பட்டை குடிக்கிற நேரமாக்கும் என்று நினைத்தேன்.