பேசாதவர்களின் ஓட்டு

பத்மஜாவைக் கோபக்காரி என்று திருவனந்தபுரம் கோட்டைக்ககத்தில் சொல்லாதவர் கிடையாது. சொல்லட்டும். கோபப்பட அவளுக்கு வேண்டிய காரணம் இருந்தது.

தம்பானூரில் ஒரு டுடோரியல் கல்லூரியில் சரித்திரம் நடத்துகிறாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். அப்பா சேஷனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் அக்கிரகாரத்தில் அவர் பெயரில் ஒதுக்கிய வீட்டில் வசிக்கிறாள். இங்கே வீடுகள் எல்லாம் கிராமச் சமூகம் என்கிற எங்கள் சங்கத்துக்குச் சொந்தம், நாங்கள் குடியிருப்பவர்கள்தான். போன மாதம் சமூகம் ஒரு புது விதி கொண்டுவந்தது. குடும்பத் தலைவர் காலமானால் வீடு ஆண் வாரிசுக்கு மட்டும். சேஷனுக்கு இருப்பதோ ஒரே பெண்.

பொதுக்கூட்டத்தில் சமூகத் தலைவர் வெங்கிடேஷ் கை தூக்கச் சொன்னார். வேண்டும் என்று தூக்கியவர்களைவிட வேண்டாம் என்று தூக்கியவர்கள் அதிகம். நானும் தூக்கினேன். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அந்த மனிதர் கொஞ்சமும் கூசாமல் மைக்கில் சொன்னார்:

"வராதவா, கை தூக்காதவா எல்லாருக்கும் சம்மதம் தன்னே. விதி பாஸ்."

பெங்களூரிலும் துபாயிலும் உட்கார்ந்துகொண்டு இங்கே வீட்டைப் பூட்டி வைத்திருப்பவனெல்லாம் சம்மதமாம்!

பத்மஜா எழுந்தாள். "ஆயிரத்தி எண்ணூத்தி ரெண்டுல ஸ்விட்சர்லாந்துல புது அரசியல் சட்டத்துக்கு நாடு பூரா ஓட்டு வெச்சா. போட்டவாள்ல வேண்டாம்னவாதான் ஜாஸ்தி. போடாதவாளையெல்லாம் சம்மதம்னு சேர்த்துண்டு பாஸாக்கினா. அந்தச் சட்டம் ஒரு வருஷம்கூட நிக்கலை, கேட்டேளா?"

"அது அங்க. இங்க பண்டு முதலே இதாக்கும் வழக்கம்," என்றார் வெங்கிடேஷ். சிலர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் விடவில்லை. "அப்போ கை தூக்காதவாளை ஒவ்வொருத்தரா வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கோ."

வெங்கிடேஷ் முன்வரிசையைப் பார்த்தார். அங்கே சேஷன் உட்கார்ந்திருந்தார். வாழ்நாளில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனிதர்.

"சேஷன் மாமா, நீங்களும் தூக்கலையே. சம்மதம் இல்லையோ?"

பத்மஜா சட்டென்று அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா கை தூக்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றார் சேஷன், மகளைப் பார்க்காமல்.

"உங்களுக்கப்புறம் நான் எங்கப்பா போவேன்?"

அவர் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை.