அடுப்புக்குப் போன பட்டைப் படம்

டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வங்காளிக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒட்டிப் பிறந்த மாதிரி திரிவார்கள். அந்தப் பெண்ணின் அப்பாவுக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்துவிட்டது. கப்பல் ஏறும்போது அவளுக்குத் தன் கையால் செய்த ஒன்றைக் கொடுத்தே தீருவேன் என்று மகள் பிடிவாதமாக நின்றாள்.

பழைய சிறுவர் பத்திரிகை ஒன்றில் வழி கிடைத்தது. மெக்சிகோவில் நாஹுவா மக்கள் மரப்பட்டையை அடித்துச் செய்த தாளில் பறவையும் பூவுமாக வரைவார்களாம். பட்டைக்கு எங்கே போவது, பழுப்புக் காகிதத்தைக் கசக்கி நனைத்துக் காயவைத்தால் போதும் என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதியவர் மெயின்லேண்ட் ஆள். எங்கள் தீவுக்குக் காகிதம்தான் கப்பலில் வரவேண்டும், பட்டை மலைபோலக் கிடக்கிறது. சாத்தம் மரமில்லில் வேலை பார்த்த என் கணவர் அடுப்பெரிக்கக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார்.

அதில் வழவழப்பான ஒன்றைப் பொறுக்கி, உட்பக்கத்தில் மகள் வரைந்தாள். கிளி, மான், பெயர் தெரியாத பூக்கள். சுற்றிலும் என் கண்மையால் கறுப்புக் கோடு. நான் அசந்துபோனேன். மழைக்காலம், வண்ணம் காயவில்லை. கரி படாமலிருக்கப் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுப்போரம் சாய்த்துவிட்டு, பக்கத்து வீட்டில் பெட்டி கட்ட உதவப் போனோம்.

திரும்பி வந்தால் கணவர் டீ போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காத மனுஷனுக்கு அன்றைக்கென்று அக்கறை பொத்துக்கொண்டு வந்திருந்தது.

"இங்க சாஞ்சிருந்த பட்டை எங்கங்க?"

"நல்லா காஞ்சிருந்துச்சு. மொதல்ல அதைத்தான் வச்சேன்" என்றார் பெருமையாக.

மகள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கப்பல் மறுநாள் காலை. விஷயம் தெரிந்ததும் அவர் டீயைத் தொடாமல் மழையில் இறங்கிப் போனார். திரும்பியபோது சட்டைக்குள் பாய் கடையில் சர்க்கரை மடிக்கும் பழுப்புக் காகிதம் இருந்தது.

"எப்படிக் கசக்கணும்னு சொல்லு தாயி" என்று அவள் முன் சம்மணமிட்டார்.

அவள் காகிதத்தைப் பிடுங்கி, கசக்கிக் காட்டிவிட்டு நீட்டினாள். அவர் கசக்கினார், நனைத்தார், இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்தார். அவள் மறுபடி வரைந்த மானைத் தாண்டி அவர் பூசிய பச்சை வழிந்தது. அதற்கும் கறுப்புக் கோடு போட்டு அவள் இலையாக்கினாள். படுக்கப் போகும்வரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய் எனக்குப் பாவமாக இருந்தது.

மறுநாள் காலை கப்பல்துறையில் தோழி படத்தை விரித்து, நீயா செய்தாய் என்று இந்தியில் கேட்டாள்.

"நஹீ" என்றாள் மகள். "ஹம் அவுர் அப்பா."

நானும் அப்பாவும். என் பக்கத்தில் நின்ற கணவர் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். துறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். நான் விடுவித்துக்கொள்ளவில்லை.