விடுதலைக்கு மறுநாள்

லிஃப்ட் மெக்கானிக்கான அவர், வேலை விட்டு வந்தால் கம்ப்யூட்டரே கதியென்று கிடப்பார். நாடுகளை ஆண்டு விளையாடும் வீடியோ கேம் ஒன்றில், விளையாடுபவர்களே புதுக் காட்சிகள் எழுதிச் சேர்க்கலாம். அதில் தன் நாட்டு விடுதலைப் போராட்டத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஊர்வலம், கைது, பேச்சுவார்த்தை, கடைசியில் கொடியேற்றம். முடிந்ததும் மனைவியை விளையாடிப் பார்க்கச் சொன்னார்.

கொடி ஏறியது. அவள் திரும்பினாள். "ஜெயிலுக்குப் போனவங்க என்னங்க ஆனாங்க?"

அவருக்குச் சுருக்கென்றது. அத்தனை பேரை உள்ளே தள்ளிய மனுஷன், ஒருவரைக்கூட வெளியே விட எழுதவில்லை.

உடனே இன்னொரு காட்சி சேர்த்தார். சிறைக்கதவு திறக்கும், வாசலில் ஒருத்தி காத்திருப்பாள். மற்ற காட்சிகளில் ஏற்க ஒன்று, மறுக்க ஒன்று என்று இரண்டு பட்டன்கள். இதில் ஒன்றுதான். தினமும் தன்னை நாற்காலியிலிருந்து கிளப்பும் மனைவியின் வார்த்தையையே அந்தப் பட்டனில் எழுதினார்: "போதும், சாப்பிட வாங்க."