பதினாலாம் சுற்று

எங்கள் மாமாவைக் கொன்றது நான்தான். மில் விசாரணைக் காகிதத்தில் விபத்து என்று எழுதியிருக்கும். அந்தக் காகிதத்தை எழுதியவனும் நான்தான், அதனால் அதை நம்ப வேண்டாம்.

முப்பதுகளின் கடைசி வருஷம். புதுச்சேரியில் ஒரு துணி மில்லில், துணிப் பொதியை, அதாவது பேலை, கட்டும் கொட்டகையில் நான் குமாஸ்தா. என் அக்கா புருஷனான மாமா அங்கேயே மேஸ்திரி. ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறும் நீலத்துணியை அடுக்கி, அதன்மேல் இரும்புப் பலகையை இறக்கி, நாலு பேர் தடியைத் தள்ளித் திருகைச் சுற்றுவார்கள். துணி அமுங்கியதும் சுற்றிலும் இரும்புப் பட்டை போட்டு இறுக்கி, திருகைத் தளர்த்தினால் பேல் தயார். எத்தனை சுற்று என்று யாரும் எண்ண மாட்டார்கள். மாமா பேலின் பக்கவாட்டு இடுக்கில் உள்ளங்கையை வைப்பார். துணி கையைத் தள்ளத் தொடங்கியதும் "போதும்" என்பார். பத்திலோ பதினொன்றிலோ நின்றுவிடும்.

எனக்கு அது பிடிக்காது. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த திமிர். எதற்கெடுத்தாலும் கை நீட்டும் குணம் வேறு.

கப்பலில் இடம் போதவில்லை, பேலை இன்னும் சின்னதாக்க முடியுமா என்று பிரெஞ்சுக்கார மேனேஜர் முசே என்னிடம் கேட்டார். அந்த வாரம்தான் நூலகத்தில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் செத்துப்போன நட்சத்திரத்தைப் பற்றிப் படித்திருந்தேன். கிட்டத்தட்டச் சூரியன் எடையுள்ள நட்சத்திரம் தன் பாரத்திலேயே நசுங்கி, அணுக்களெல்லாம் நொறுங்கி, வெறும் நியூட்ரான் நெருக்கியடித்த உருண்டையாகிவிடுமாம். நடுவிலிருந்து விளிம்புவரை இங்கிருந்து வில்லியனூர் தூரம், ஆறு மைல்தான். அன்று அப்படி ஒன்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. காகிதத்திலேயே அளந்துவிட்டார்கள். அமுக்க அமுக்க அந்தப் பொருள் எவ்வளவு திருப்பித் தள்ளும் என்று ஒரு விதி தெரிந்தால் போதும். பாரம் உள்ளே இழுக்கும், பொருள் வெளியே தள்ளும், இரண்டும் சமமாகிற இடத்தில் நட்சத்திரத்தின் அளவு நின்றுவிடும். பொருள் இளக்கமாக இருந்தால் சின்ன உருண்டை, விறைப்பாக இருந்தால் பெரிய உருண்டை.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நட்சத்திரத்துக்கே கணக்குப் போடலாம் என்றால் பேல் எம்மாத்திரம்? தடியில் வில் தராசைக் கட்டி, ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு பலம் கேட்கிறது என்று அளந்தேன். எட்டுச் சுற்றுவரை ஒரே சீராக ஏறியது. அதற்கு மேல் அளக்கப் பொறுமையில்லை. காகிதத்தில் வரைந்த கோட்டை அப்படியே நீட்டினேன். பதினாலாம் சுற்றிலும் பட்டை தாங்கும் என்று வந்தது.

மறுநாள் மதியம் தடியில் இன்னும் நாலு பேரை நிறுத்தினேன். பதினோராம் சுற்றில் மாமா இடுக்கில் கை வைத்தார்.

"துணி கைய தள்ளுது மாப்ள. போதும், உட்ருவோம்."

"கணக்கு போட்டாச்சி. கைய எடு மாமா."

அவர் எடுக்கவில்லை. கூலிகள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கையை அடித்துத் தட்டிவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. மறுபடி அவர் கை வைக்கவே இல்லை.

பதினாலு சுற்று. பட்டையை இறுக்கினார்கள். திருகைத் தளர்த்திய அதே நொடியில் பட்டை அறுந்து, சாட்டையாகச் சுழன்று மாமாவின் கழுத்தில் இறங்கியது. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். விரலிடுக்கில் சூடாகப் பீய்ச்சியடித்தது. நீலத்துணியில் ரத்தம் கறுப்பாகத் தெரிந்தது. என் மடியிலேயே அடங்கிவிட்டார். கூலிகள் என் தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப்போட்டு, அந்தத் தடியாலேயே அடித்தார்கள். இரண்டு பல் போயிற்று, விலா எலும்பு ஒடிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கை ஓங்கவில்லை.

மேஸ்திரி கை வைத்துப் பார்த்துச் சரியென்ற பிறகே சுற்றியதாக எழுதச் சொன்னார் முசே. எழுதினேன். வாய் திறந்தால் வேலை போகும் என்று கூலிகளையும் மிரட்டி வைத்தார். கடைசியில் மாமாவுக்குக் கை தப்பிவிட்டது, இறுக்கத்தைத் தப்பாகக் கணித்துவிட்டார் என்று ஊரே பேசியது. சவ அடக்கத்தில்கூட என் காதுபட ஒருத்தி அதைச் சொன்னாள். நான் தலை குனிந்துகொண்டேன். த்தூ, நானும் ஒரு மனுஷன்!

விலாவில் போட்ட கட்டோடு நூலகத்துக்குப் போய் அந்தப் பத்திரிகையைத் தேடியெடுத்தேன். கடைசிப் பத்தியை அன்று நான் படித்திருக்கவில்லை. நியூட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவு நெருக்கத்தில் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்று போட்டிருந்தது. பிற்காலத்தில் அந்தத் தள்ளலைச் சேர்த்துக் கணக்கைத் திருத்தினார்கள், அந்த நட்சத்திரங்களையும் கண்டுபிடித்தார்கள். அவர்கள் தப்பில் யாரும் சாகவில்லை.

மாதா கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும் அக்கா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அவரு கை வெச்சிப் பாத்தாரா? அத மட்டும் சொல்லுடா."

பொய் தொண்டைவரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்தபின் சொல்ல முடியவில்லை.

"வெச்சாரு. போதும்னாரு. நான்தான் கைய தட்டிவுட்டேன்."

அருவாமனையைத் தூக்கிவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டேன். வெட்டட்டும் என்றுதான் இருந்தது. அது தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

"அப்ப அவரு கை தப்பல," என்றாள். ஒரு மாதமாக அழாதவள் சுவரில் தலையை மோதிமோதி அழுதாள்.

தடுக்கப் போய் அவள் கையைப் பிடித்தேன். தட்டிவிட்டாள்.