கழுவிக் கொடுத்த வேர்

எங்கள் தோட்டத்து வாசல் படலைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை நான்கு போகம் நின்றது. வீட்டில் எல்லாரும் இரண்டு வருடம் என்பார்கள். நான் நான்கு போகம் என்றுதான் எழுதுவேன், ஏனென்றால் அந்த நாட்களில் எங்களுக்கு எல்லாமே போகத்தை வைத்துத்தான் நடந்தது. இந்த நிலத்திலிருந்து மண்ணோ நாற்றோ வெளியே கொண்டுபோகக் கூடாது என்று பலகையில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதன் கீழே நடக்கூடாத பயிர்களின் பட்டியல்: மிளகாய், கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு. அப்போது எனக்கு ஒன்பது வயது.

மாம்புரிப் பக்கத்தில் எங்கள் நிலம் ஒரு புறம் கடலுக்கும் மறுபுறம் உப்புத் தண்ணீர்க் களப்புக்கும் நடுவே கிடந்த மணல் துண்டு. எட்டு அடி தோண்டினால் தண்ணீர் வரும், ஆனால் பெரும்பாலான கிணறுகள் ஆடி மாதத்தில் உவர்த்துவிடும். எங்கள் கிணறு மட்டும் உவர்க்காது. அதனால் சுற்றியிருந்த ஏழு தோட்டங்களுக்கும் மிளகாய் நாற்று மேடை எங்கள் நிலத்தில்தான் போடுவார்கள். ஆளுக்கொரு சிரட்டை விதை கொண்டுவந்து ஒன்றாகக் கொட்டி, நாற்று வளர்ந்ததும் ஆளுக்கொரு ஓலைப்பெட்டி நிறையப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். இதற்கு யாரும் விலை பேசியதில்லை.

ஒரு போகத்தில் எங்கள் மிளகாய்ச் செடிகள் பகலில் வாடி, இரவில் நிமிர்ந்து, பிறகு நிமிராமலே போயின. விவசாயப் போதனாசிரியர் வந்து செடிகளைப் பிடுங்கிப் பார்த்து, மண்ணில் புழு என்று சொல்லிப் பலகையை நட்டுவிட்டுப் போனார். அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவர் பிடுங்கிய செடி எதையும் நான் பார்க்கவில்லை. எனக்குக் கிடைத்தது புழு என்ற சொல் மட்டும்தான். விரல் நீளத்தில் பச்சையாக ஒரு புழுவை நானே செய்துகொண்டேன்.

நிலத்தை விட்டு வெளியே போகிறவர்கள் காலையும் செருப்பையும் மருந்துத் தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதும் விதி. படலையருகே ஒரு பேசின் வைத்திருந்தோம். அதைக் கவனிக்கும் பொறுப்பை வாப்பா எனக்குக் கொடுத்தார். அந்தப் பொறுப்பை நான் எவ்வளவு கடுமையாக நடத்தினேன் என்பதை இப்போது எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. சந்தாப் பணம் வாங்க வந்த பள்ளிவாசல் மோதினாரையே நான் போக விடவில்லை.

“இப்பதான் கால் கழுவி ஒளு எடுத்தன் புள்ள” என்றார் அவர்.

“ஒளு வேற, இது வேற” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு காலையும் பேசினில் வைத்தார். அன்று இரவு சாச்சா, வாப்பாவின் தம்பி, “நானா, உங்கட மகள சுங்கத்துக்கு அனுப்பினா நாட்டுக்குள்ள ஒரு ஊசி வராது” என்றார்.

அந்த நான்கு போகமும் எங்கள் நிலத்தில் சோளமும் செவ்வந்தியும் இருந்தன. செவ்வந்தி வேர் புழுவுக்கு ஆகாதாம். மூன்று ஏக்கர் முழுக்க மஞ்சள் பூப் பூத்து நின்றபோது, தெருவால் போனவர்கள் யாருக்குக் கலியாணம் என்று விசாரித்தார்கள். வாப்பா தொடக்கத்தில் பதில் சொன்னார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார்.

நாற்று மேடை திறப்பதற்காக எல்லாரையும்விட ஆவலாகக் காத்திருந்தவர் மன்னார் மாமா. அவர் எங்களுக்குச் சொந்தமில்லை. போர்க்காலத்தில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் ஒரு துணிப்பையோடும் வந்து, தில்லையடி முகாமில் தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் இருந்து, உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். மன்னாரில் அவருக்குச் சொந்தமாக வயலும் தோட்டமும் இருந்ததாம். இங்கே எங்கள் வேலிக்கு அடுத்த ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து, பற்றையை வெட்டி, எருப் போட்டு, பாத்தி கட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பிறகும் வாப்பாவிடம் அதே கேள்வியைக் கேட்பார்.

“பலகைய எப்ப கழட்டுவாங்களாம்?”

“சோதிக்க மண் எடுத்துக்கொண்டு போயிருக்காங்க. வரட்டும் பாப்பம்.”

மண் எடுத்த நாளில் நான் வீட்டில் இருந்தேன். ஆறு பைகள், ஆறு இடங்கள். அதை என் அப்பியாசக் கொப்பியில் குறித்தும் வைத்தேன். அந்தக் கொப்பியில் வேறொரு விஷயமும் இருந்தது, அது வீட்டில் யாருக்கும் தெரியாது. தண்ணீர் மோட்டர் வைத்திருந்த கொட்டிலுக்குப் பின்னால், உம்மா மீன் கழுவிய தண்ணீரும் மரக்கறித் தோலும் கொட்டும் இடத்தில், ஒரு தக்காளிச் செடி முளைத்திருந்தது. தக்காளி பட்டியலில் இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் நடக்கூடாது என்றுதானே போட்டிருந்தது? நான் நடவில்லை, அது தானாக முளைத்தது. மோதினாரின் காலைக் கழுவவைத்த நான், எனக்கென்று வந்தபோது சட்டத்தை இப்படித்தான் வாசித்தேன். ஒவ்வொரு மாலையும் இலைகளை எண்ணி எழுதினேன். கடைசிக் கிழமையில் பூ மூன்று, பிஞ்சு ஒன்று. மதியத்தில் செடி தலை சாய்ந்து நிற்கும். வெயிலுக்காக்கும் என்று ஒரு கிடுகுத் துண்டைச் சாத்திவைத்தேன்.

ஒரு சனிக்கிழமை, பகல் லுஹர் தொழுகைக்கு முன், போதனாசிரியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சிலாபத்துக்காரர், சிங்களவர். தமிழ் நன்றாகக் கதைப்பார். அவரை எல்லாரும், சிங்களத்தில் ஐயா என்பதுபோல, மாத்தயா என்போம். ஆறு பை மண்ணிலும் புழு இல்லை, கட்டுப்பாடு நீக்கப்பட்டது என்று முத்திரை குத்திய கடதாசியை வாப்பாவின் கையில் கொடுத்தார். சாச்சா அவர் சொல்லி முடிக்கும் முன்பே பலகையைப் பிடுங்கிவிட்டார். ஏழு தோட்டத்து ஆட்களும் வந்திருந்தார்கள். உம்மா தொதல் இனிப்பும் தேத்தண்ணியும் கொடுத்தனுப்பினார். நல்ல செய்தி வரும் என்று நம்பி முதல் நாளே ஊறவைத்த மிளகாய் விதை ஈரத்துணியில் கட்டியபடி கதிரையில் இருந்தது. மன்னார் மாமா அதை இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார்.

“மண் இப்ப நல்ல மண்” என்று மாத்தயா சொன்னது என் காதில் விழுந்தது.

நல்ல மண்ணுக்கு அடையாளம் எனக்குத் தெரியும். அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்தில் ரீச்சர் கச்சான் என்ற நிலக்கடலைச் செடி ஒன்றைப் பிடுங்கி வேரிலிருந்த சின்ன முடிச்சுகளைக் காட்டியிருந்தார். மண்ணுக்கு வேண்டிய உரம் இந்த முடிச்சுகளில்தான் இருக்கிறது, இவை எவ்வளவு இருக்கிறதோ மண் அவ்வளவு நல்லது என்று சொல்லியிருந்தார். நான் கொட்டிலுக்குப் பின்னால் ஓடி என் தக்காளியை இழுத்தேன். வேர் முழுவதும் முடிச்சுகள். கச்சானில் பார்த்ததைவிடப் பெரியவை, தஸ்பீஹ் மணி கோத்தது போல ஒன்றையடுத்து ஒன்று. பிஞ்சு போன துக்கம்கூட எனக்கு மறந்துவிட்டது. மண் வெளியே போகக் கூடாது என்ற விதி இன்னும் தலையில் இருந்ததால் கிணற்றடியில் வேரை நன்றாகக் கழுவினேன். கழுவினபின் முடிச்சுகள் வெள்ளையாக, எண்ணக்கூடியதாக இருந்தன. எண்ணினேன். நாற்பத்தொன்று. உம்மாவின் பீங்கான் தட்டில் செடியை வைத்து எடுத்துக்கொண்டு ஆட்கள் நின்ற இடத்துக்குப் போனேன்.

முதலில் பார்த்தது வாப்பா. மாத்தயா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தொதல் தின்றுகொண்டிருந்தார். வாப்பா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற சாச்சா எட்டிப் பார்த்தார்.

“அடி இபுலீசே” என்றார் மெல்ல. பிறகு வாப்பாவிடம், “அடுப்புல போடுங்க நானா. யாரு கண்ட?”

அடுப்பில் போடுவதற்கு என் செடி என்ன குற்றம் செய்தது என்று எனக்கு விளங்கவில்லை. வாப்பா தட்டை என்னிடமிருந்து வாங்கினார். அவர் பார்வை தட்டிலிருந்து ஈரத்துணிக்கும், அதனருகே பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்த மன்னார் மாமாவுக்கும் போய்த் திரும்பியது.

“மாத்தயா” என்றார். “இத ஒருக்கா பாருங்க.”

மாத்தயா திரும்பினார். வேரைக் கையில் எடுத்து, ஒரு முடிச்சை நகத்தால் பிளந்து பார்த்தார். “புழு முடிச்சு” என்றார், எனக்குப் பச்சையாக எதுவும் தெரியவில்லை. கதைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தட்டைச் சுற்றி வந்தார்கள்.

“இது எங்க இருந்த?”

“கொட்டிலுக்குப் பின்னால” என்றேன் நான்.

“அங்க நாங்க மண் எடுக்கல்லயே.”

“ஓம், எடுக்கல்ல. ஆறு இடம்தான் எடுத்த. ஆறும் தெருப் பக்கம்.”

என் கொப்பியைக் கொண்டுவந்து காட்டட்டுமா என்றும் கேட்டேன்.

மாத்தயா செடியைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டு வாப்பாவைப் பார்த்தார். “கடதாசி உங்கட கையில இரிக்கி” என்றார். “சைன் வெச்சது நான்தான்.” கைக்குட்டையை எடுத்து விரலிலிருந்த தொதல் எண்ணெயை நெடுநேரம் துடைத்தார்.

வாப்பா சட்டைப் பையிலிருந்து கடதாசியை எடுத்தார். விரித்து ஒரு தரம் பார்த்துவிட்டு, பழைய மடிப்பிலேயே மடித்து அவரிடம் கொடுத்தார்.

“ஹரி” என்று சிங்களத்தில் சரி சொன்னார் மாத்தயா.

கூட்டத்தில் ஒருவர், “இனி நாத்துக்கு நாங்க எங்க போற?” என்றார். இன்னொருவர், “நாலு போகம் பொறுத்தாச்சி, இன்னம் எத்தினயாம்?” என்று வாப்பாவிடமே கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனார். சாச்சா பிடுங்கிய பலகையைத் தானே திரும்ப நட்டார். மண்வெட்டிப் பிடியால் அதன் தலையில் தேவைக்கு அதிகமாகவே அடித்தார். “கைக்கு வந்த கடதாசியத் திருப்பிக் குடுத்த மனுசன் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான்” என்று ஒவ்வோர் அடிக்கும் நடுவில் சொன்னார். வாப்பா விதைக்கட்டை எடுத்துப்போய்த் துணியோடு அடுப்பில் வைத்தார். ஈரமாக இருந்ததால் அது புகைந்துகொண்டே இருந்தது. விதையின் காரத்தில் உம்மா இருமினார், ஏன் என்று கேட்கவில்லை.

மன்னார் மாமா பாதிக் கோப்பை பிளேன்டீயைக் கதிரையில் வைத்துவிட்டு எழுந்தார். படலையில் நான் சொல்லாமலே காலையும் செருப்பையும் கழுவினார். வழக்கத்தைவிட நெடுநேரம், விரல்களுக்கு நடுவிலும் தேய்த்துக் கழுவினார். அவர் எங்கள்மீது கோபமாகப் போகிறார் என்று நினைத்தேன்.

மாத்தயா என் செடியை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனார். திருப்பித் தருவாரா என்று கேட்டேன், தருவதாகச் சொன்னார், தரவில்லை. அன்றைய திகதிக்குக் கீழே கொப்பியில் இப்படி எழுதியிருக்கிறேன்: மாத்தயா என்னுடைய செடியைக் கொண்டுபோய்விட்டார். வாப்பா பார்த்துக்கொண்டு இருந்தார். தட்டு உடையவில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகும் என் கோபம் ஆறவில்லை. யாரோடும் பேசாமல் கிணற்றுக் கட்டில் இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் மன்னார் மாமாவின் ஏக்கர் தெரியும், வெறும் பாத்திகள், வரிசை பிசகாமல். வாப்பா தனியாக வேலியோரம் நடந்துகொண்டிருந்தார். மன்னார் மாமா தன் பாத்திகளின் நடுவால் அவரை நோக்கி வந்தார். இரண்டு பேரும் கம்பி வேலிக்கு இந்தப்பக்கம் ஒருவர், அந்தப்பக்கம் ஒருவராக நின்றார்கள். மன்னார் மாமா கம்பிக்கு மேலால் கையை நீட்டினார், வாப்பா அதைப் பிடித்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. ஏதும் சொன்னார்களோ என்பதும் எனக்குத் தெரியாது.

வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் வருவதற்குத்தான் அவர் கை கேட்கிறார் என்று நினைத்தேன். வந்தால் திரும்பிப் போகும்போது கால் கழுவ வேண்டுமே என்று பேசினை நிரப்ப எழுந்தேன். நான் தண்ணீர் அள்ளி, மருந்து கலந்து, திரும்பிப் பார்த்தபோதும் அவர் தன் நிலத்திலேயே நின்றார். இரண்டு பேரும் இன்னும் கையை விட்டிருக்கவில்லை. வருவதானால் வர வேண்டியதுதானே, இவ்வளவு நேரம் என்னத்துக்கு இப்படி நிற்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.