பாரிஸ் போகும் வழியில் மாட்டிக்கொண்டவர்கள்

விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். விமானம் தாமதமானால் திட்டு வாங்குவதும் அதில் சேர்த்தி. புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கிறேன். இங்கிருந்து பாரிஸ் போகிறவர்கள் பலரும் நடுவில் ஒரு ஊரில் இறங்கி வேறு விமானம் மாறவேண்டும். அங்கே கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கோவிந்தசாமி யாரு?

பக்கத்து ஊரான பாகூர் விவசாயி ஆறுமுகம், பாரிஸில் இருக்கும் மகளைப் பார்க்க மனைவியோடு கிளம்பினார். இனிஷியல் செல்லாது என்பதால் டிக்கெட்டில் அவருடைய அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியது. மாறுகிற ஊரில் கதவை மூடப்போகும் சமயம் "கோவிந்தசாமி, கோவிந்தசாமி" என்று மைக்கில் கூப்பிட்டிருக்கிறார்கள். யாரையோ என்று இவர் உட்கார்ந்திருக்க, "நம்ம மாமா பேருங்க, எழுந்திரிங்க" என்று மனைவிதான் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார். கடைசி ஆளாக ஏறிவிட்டார்கள். ஊர் திரும்பியதும் கடைக்கு வந்து பெருமையாகச் சொன்னார்:

"எங்கப்பா பாகூரத் தாண்டினதில்லம்மா. அவரு பேர வெளிநாட்டுல மைக்குல கூப்புட்டாங்க."

மதாம் நகரவில்லை

மரி தெரேஸ் ஓய்வுபெற்ற பிரெஞ்சு டீச்சர், ஊருக்கே மதாம். பாரிஸில் மகளுக்குப் பிரசவம் நெருங்கியிருந்தது. சென்னையிலேயே விமானம் தாமதம். மாறுகிற ஊரில் இறங்கினால் அடுத்த விமானம் போய்விட்டிருந்தது. நாளை மறுநாள்தான் இடம் என்று கவுண்டரில் சாப்பாட்டுக் கூப்பனைக் கையில் திணித்துவிட்டார்கள்.

மதாம் எனக்குப் போன் செய்தார். அதே கம்பெனி விமானம் ஒன்று பிரான்சின் லியோன் நகரம் வரை போவதும், அதில் இடம் காலியாக இருப்பதும் என் கம்ப்யூட்டரில் தெரிந்தது. அங்கிருந்து பாரிஸுக்கு ரயில் உண்டு. "அந்த விமானத்தைச் சொல்லிக் கேளுங்க, கவுண்டரை விட்டு நகராதீங்க" என்றேன். போனை வைக்காமலே, வகுப்பெடுக்கிற குரலில் அவர் பிரெஞ்சில் பேசுவது கேட்டது. போர்டிங் பாஸ் கைக்கு வந்துவிட்டது. "சரி மதாம், கிளம்புங்க" என்றேன்.

"இரும்மா, என்கூட மாட்டினவங்க பின்னாடி நிக்கிறாங்க. அவங்களுக்கும் வாங்கிக் குடுத்துட்டுதான் நகருவேன்."

மண்டபத்துக்கு வந்த பெட்டி

மகள் கல்யாணத்துக்காக பாரிஸிலிருந்து இங்கே மூலக்குளம் வந்தார் ஜமால் பாய். கல்யாண உடுப்பு இருந்த பெட்டி மட்டும் வரவில்லை. விமானக் கம்பெனிக்குப் போன் செய்தால் பாட்டுதான் பாடியது. நானும் விடவில்லை, கடையில் ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருக்க, கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். பெட்டியைக் கண்டுபிடித்து நேராக மண்டபத்துக்கே அனுப்பச் சொன்னேன். நிக்காஹ் அன்று காலை வேன் வந்து நின்றது. மணப்பெண் உடுத்தி வந்தபோது பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"பிரியாணி சாப்டுட்டுதான் போவணும். போன எடுத்த அந்தப் பொண்ணையும் கூப்புட முடியுமான்னு பாரும்மா."

தாமதம் செய்வதில் விமானக் கம்பெனிகள் ஒரு குறையும் வைப்பதில்லை, போய்ச் சேருவதில் எங்கள் ஊர்க்காரர்களும் அப்படித்தான்.