கனிஷாயின் ஆறு மணி

உள்ளறையில் ஓடிக்கொண்டிருந்த நான்கு தையல் மெஷின்களின் சத்தம் சட்டென்று நின்றது. அடுப்படியில் மாவுருண்டை பொரித்துக்கொண்டிருந்த எனக்கு உடனே புரிந்தது. கரண்ட் போய்விட்டது. அந்தப் பனிக்காலம் முழுக்க எங்கள் பிஷ்கெக்கில் அதுதான் கதை. ஆனால் ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. டக், டக், டக் என்று யாரோ பெடலை மிதித்துக்கொண்டே இருந்தார்கள்.

கரண்டியோடு போய் எட்டிப் பார்த்தேன். மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கனிஷாய் மட்டும் அசையாத ஊசிக்கு அடியில் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஏன் எல்லாரும் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டாள்.

"கரண்ட் போயிடுச்சுடி."

"இல்லையே துர்சுனாய் அக்கா. மெஷின் சத்தம் கேக்குதே."

எங்களில் வாய் நீண்டவள் பூபு. "முதலாளியம்மா கரண்ட் இல்லாமலே தைக்கக் கத்துக்கிட்டாங்க, இனி பில் கட்ட வேண்டாம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சொன்ன பூபுவுக்கே கண் கலங்கிவிட்டது.

இது நடந்து பதினேழு வருஷம் ஆகிறது. இன்றும் வீட்டில் விளக்கு அணைந்தால் அந்த டக், டக் என் காதில் விழுகிறது.

கனிஷாயின் கணவன் மலைப்பாதையில் லாரியோடு உருண்டு போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. கையில் மூன்று வயது மகள் ஜில்டிஸ். நாற்பதாம் நாள் சோறு முடிந்த மறுநாள், கணவனின் அண்ணன், அதாவது அவளுடைய மூத்தார், ஒரு பழைய தையல் மெஷினைத் தோளில் சுமந்துகொண்டு வந்து வாசலில் இறக்கினார். "அழுறதுக்குக் கண்ணு போதும்மா. கைக்கு வேலை வேணும்" என்றார். அந்த ஒற்றை மெஷின்தான் பிறகு ஐந்தானது. அடுத்த வீட்டுக்காரி நானும், பூபுவும், இன்னும் இரண்டு பெண்களும் அங்கேதான் பிழைத்தோம். நாங்கள் தைக்கும் ரவிக்கைகளை மூத்தாரே பெரிய சந்தைக்குக் கொண்டுபோய், ரஷ்யாவிலிருந்து வரும் வியாபாரிகளுக்கு விற்றுக் கொடுப்பார்.

நல்ல மனிதர். அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

எங்கள் கிர்கிஸ் வீடுகளில் மருமகள் மூத்தாரின் பெயரைச் சொல்லக்கூடாது. அவருக்கு முதுகு காட்டக்கூடாது. குரல் உயரக்கூடாது. அவர் பெயர் தெமிர்குல். தெமிர் என்றால் இரும்பு. அதனால் இரும்பு என்ற சொல்கூட கனிஷாயின் வாயில் வராது. இரும்புக் கட்டிலை 'அந்தக் கெட்டியான கட்டில்' என்பாள். கடைக்காரனிடம் இரும்பு ஆணி கேட்க என்னைத்தான் அனுப்புவாள். பெயரையே சொல்லாதவள் 'முடியாது' என்று எப்படிச் சொல்வாள்? அவர் நூறு ரவிக்கை என்றால் நூறு, ஆயிரம் என்றால் ஆயிரம். தலையைக் குனிந்து வாங்கிக்கொள்வாள்.

ஆறு வருஷம் அப்படி ஓடியது. ஒருநாள் நாற்பது ரவிக்கைகளுக்கு இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்துவிட்டு, அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் சுவரில் சாய்ந்து அழுதாள். சாப்பாட்டை மறந்தாள். பள்ளிக்கூடத்து வாசலில் மகள் பனியில் காத்திருப்பதை மறந்தாள். ஜில்டிஸ் ஒருநாள் என் மடியில் படுத்துக்கொண்டு, "பெரியம்மா, எங்கம்மா தூக்கத்துலகூடக் காலை ஆட்டுறா" என்றாள்.

கரண்ட் போன அன்று அவளை இழுத்துக்கொண்டு தெருமுனை மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த வயதான நர்ஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தூக்க மாத்திரை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மாத்திரை போட்டுத் தூங்கித் தெம்பு வந்தால் இவள் அந்தத் தெம்பையும் தைத்தே தீர்ப்பாள் என்றாள். பிறகு கனிஷாயின் முகவாயைத் தூக்கிப் பிடித்து, "இன்னும் ஒரு பனிக்காலம் இப்படிப் போனா உன் மகளுக்கு அம்மா இருப்பா. ஆனா மகளையே அடையாளம் தெரியாத அம்மா" என்றாள்.

 மறுநாள் காலையில் கனிஷாய் எங்களை உட்காரவைத்தாள். எங்கள் பத்துக் கைகளால் உடம்பு கெடாமல் ஒரு நாளைக்கு அறுபது உருப்படிதான் வரும், அறுபத்தொன்றாவதை இனி யாரும் தொட வேண்டாம் என்றாள். மாலை ஆறு மணிக்கு மெஷின்களைத் துணி போட்டு மூடிவிட வேண்டும். மதியச் சாப்பாடு மெஷினின் பக்கத்தில் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அந்த அறை பூட்டியிருக்கும்.

ஐயோ, அதற்கடுத்த மூன்று வாரங்களை நான் எப்படிச் சொல்வேன்! ஆறு மணிக்கு மெஷின்களை மூடிவிட்டு, ஐந்து பேரும் மெத்தை விரிப்பில் காலை நீட்டி, வால்நட் உடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பூபு தன் மாமியாரைப் போல நடந்து காட்டுவாள். கனிஷாய் மகளின் தலையைப் பின்னி, அவிழ்த்து, மறுபடி பின்னுவாள். ஒருநாள் திடீரென்று பின்னுவதை நிறுத்தி, "அக்கா, சத்தம் கேக்கல" என்றாள். மெஷின் சத்தத்தைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. இருவரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

அப்போது எங்கள் தெருவில் ஐம்பது மெஷின் போட்டவர்கள் இருந்தார்கள். பல பட்டறைகள் இன்று இல்லை. கனிஷாயிடம் இன்றும் அதே ஐந்துதான். அந்த ஒரு பிப்ரவரி நாளை அவள் தாண்டியிருக்காவிட்டால் இதுவும் இருந்திருக்காது.

அன்று மதியம் மூத்தார் வந்தார். கையில் குதிரைக்கறித் தொத்திறைச்சி, ஜில்டிஸுக்கு மிட்டாய். வாசலுக்கு எதிரே மரியாதைக்குரிய இடத்தில் உட்காரவைத்தோம். பெண்கள் தினத்துக்கு ரஷ்யாவில் கேட்கிறார்கள், மூன்று வாரத்தில் இரண்டாயிரம் ரவிக்கை வேண்டும், வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றார். ராத்திரியும் தைத்தால் முடிந்துவிடும், தம்பி இருந்திருந்தால் இதைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பான் என்றும் சொன்னார்.

நான் கனிஷாயைப் பார்த்தேன். வெந்நீர் கொதிக்கும் சமோவாருக்குப் பக்கத்தில் இடது காலை மண்டியிட்டு, வலது காலை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அந்த வலது கால் மெல்ல ஆட ஆரம்பித்தது. டக், டக், டக். போச்சு, சரியென்று தலையை ஆட்டிவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

எங்களுக்குள் விருந்தாளிக்குக் கிண்ணம் நிறையத் தேநீர் ஊற்றும் வழக்கமில்லை. பாதிக்கும் குறைவாகத்தான் ஊற்றுவோம். 'இன்னும் இருங்கள், திரும்பத் திரும்ப ஊற்றித் தருகிறேன்' என்று அதற்கு அர்த்தம். விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தம். என் ஆயுசில் எந்த மருமகளும் மூத்தாருக்கு அப்படிக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

கனிஷாய் பாலை ஊற்றினாள். தேநீரை ஊற்றினாள். பாதி வந்தது. நிறுத்தவில்லை. முக்கால் வந்தது. நிறுத்தவில்லை. விளிம்பில் தளும்பி அவள் விரலைச் சுட்ட பிறகுதான் கை நின்றது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு, தலை குனிந்து, அந்தக் கிண்ணத்தை அவரிடம் நீட்டினாள்.

மூத்தார் கிண்ணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவர் தாடி நடுங்கியது. 

"தெரிஞ்சுதான் ஊத்துனியாம்மா?"

கனிஷாய் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் பேசினாள். இத்தனை வருஷத்தில் அவர் முன்னால் அவள் குரல் கேட்டது அன்றுதான்.

"ஆயிரத்து எண்பதுன்னா தைச்சுத் தர்றேன். அதுக்கு மேல தைச்சா ஜில்டிஸுக்கு நான் மிஞ்சமாட்டேன். நீங்க குடுத்த மெஷினைத் திருப்பிக் கேட்டாலும் தந்துடுறேன்."

 சூடு ஆறும்வரை அவர் காத்திருக்கவில்லை. அந்தக் கிண்ணத்தை மொத்தமாகக் குடித்து முடித்து, எங்கள் வழக்கப்படி நன்றிக்கு இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார். கனிஷாய் அவருக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போய், அவருடைய பனிக்காலணிகளை வெளியே பார்க்கும்படி திருப்பிவைத்தாள்.

அவர் குனிந்து காலை நுழைக்கவே வெகுநேரம் ஆனது. நிமிர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"மிச்சத்தை வேற எடத்துல பாத்துக்கிறேன்" என்றார். படியிறங்கிப் பனியில் நாலு அடி வைத்தவர் நின்று திரும்பினார். வாசலில் குனிந்த தலையோடு அவள் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"நின்னுட்டு இருக்காத தாயி. குளிர் உள்ள வருது. கதவைச் சாத்திக்கோ."

கனிஷாய் கதவைச் சாத்தினாள்.